எழுபதுக்குக் கீழே

பதிவுசெய்த புருஷனின் குரலைக் கேட்கும்போது பெண்டாட்டியின் பயம் எழுபதைத் தொட்டால்தான் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கும். செண்பகவல்லியின் மணிக்கட்டில் கட்டிய பட்டை பன்னிரண்டு காட்டியது. மனு தள்ளுபடி.

துணைக்கு வந்திருந்த ஆலோசகர் ரெஜினாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மெஷின் கெட்டுப்போயிருக்கு சார். திரும்பப் போடுங்க" என்று பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

"கதவத் தொற செண்பகம், ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றது அந்தக் குரல், நிதானமாக.

எண்பத்தாறு.

மெஷினில் கோளாறு இல்லை என்று கிளார்க் எழுதிக்கொண்டார்.

ரெஜினாவின் கையைச் செண்பகவல்லி பிடித்துக்கொண்டாள். "வெளிய காட்டாதீங்கக்கா. பயந்தது தெரிஞ்சா இன்னும் அடிப்பாரு. எனக்கே இது பழக பதினோரு வருஷமாச்சு."