பதினேழாம் வீட்டுப் பலகை

ஜெர்மனியில் நாங்கள் குடியேறிய கிராமத்துத் தீக்காப்புச் சங்கம் இருநூறு ஆண்டுகளாக இயங்கும் முறை எளிமையானது. ஓர் உறுப்பினரின் வீடு எரிந்தால், மற்ற நாற்பது வீடுகளும் வீட்டுக்கொரு கூரைப் பலகை தர வேண்டும். கொடுக்காதவர் யார் என்று தெரிவதற்காக, பலகையின் முனையில் வீட்டு எண்ணைச் சூட்டுக்கோலால் பொறிப்பார்கள். அழிந்துபோன வீட்டின் எண்ணை வேறெவருக்கும் கொடுப்பதில்லை.

எங்களைப் போலவே இங்கு வந்து குடியேறிய அன்ரன் அண்ணையின் கூரை ஒக்டோபரில் எரிந்தது. சங்கத்தில் எழுத்தராக இருக்கும் என்னிடம் ஓடிவந்தார்.

"யதுசா, நாங்கள் சேர்ந்து எட்டு மாசம்தான். எங்களுக்கும் தருவினமோ? பனிக்கு முன்னம் கூரை போடாட்டி பிள்ளையளோட எங்க போறது?"

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்குப் பலகையோட வருவினம் அண்ணை. அஞ்சு நிமிசம் பிந்தினாலே ஜெர்மன்காரருக்குக் காய்ச்சல் வந்திடும்."

மறுநாள் எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தச்சர் கூரையை அளந்துவிட்டு, நாற்பது போதாது, இன்னும் ஒன்று வேண்டும் என்றார். நான் பலகைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று இருந்தன. கூடுதலாக இருந்த பலகையில் 17 என்று பொறித்திருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன். பதினேழாம் வீடு 1834இல் எரிந்தது; ஒருவரும் தப்பவில்லை. அதன்பின் இந்தக் கிராமத்தில் எரிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அது ஒரு பலகை தந்திருக்கிறது.

அன்ரன் அண்ணை அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"இது இண்டைக்கு அறுத்த மரம், பிள்ளை" என்றார். அவர் விரல்களில் பிசின் ஒட்டியிருந்தது.