இல்லாத குழாய்

"உன் ஆப் விஷயம் எதையும் எங்கிட்ட சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றான் மாறன், இட்லியைப் பிட்டபடி.

அவன் மனைவி இனியா கேட்டால்தானே. கிரிவலம் போகிறவர்களுக்காக அவள் பார்த்துப் பார்த்துச் செய்த ஆப் அது. அதே மாதிரி இப்போது நாற்பது வந்துவிட்டன. அதில் ஒன்று மட்டும், இவள் புதிதாக எதைச் சேர்த்தாலும் அதே வாரத்தில் அப்படியே காப்பியடித்தது.

"கூட்டத்துல சிக்னல் இல்லைன்னாலும் வேலை செய்யற மாதிரி பண்ணேன். அவனும் பண்ணிட்டான். கழிப்பறை எங்கெங்க இருக்குன்னு போட்டேன். அதையும் போட்டுட்டான். இந்தத் தடவை மாட்டுவான் பாருங்க. வழியில இருக்கற குடிதண்ணிக் குழாய் எல்லாத்தையும் குறிச்சிருக்கேன், மொத்தம் நூத்திப் பன்னண்டு. அதுல ஒண்ணு பொய். அடி அண்ணாமலைகிட்ட, குழாயே இல்லாத இடம். அதையும் சேர்த்து உருவுவான். அதை வெச்சே கம்ப்ளெயின்ட் குடுத்துடறேன்."

மாறன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தான். பாதியில் எழுந்து கைகழுவிக்கொண்டு வேங்கிக்காலுக்குக் கிளம்பினான். அங்கே ஆப் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை.

அடுத்த வாரம் இனியா போனில் அந்தக் காப்பி ஆப்பைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன, மாட்டினானா?"

"நூத்திப் பதினொண்ணு போட்டிருக்கான். அந்தப் பொய்க் குழாய் மட்டும் இல்ல."

"உஷாரான ஆளுதான்" என்று சிரிக்கப் பார்த்தான் மாறன்.

இனியா நிமிர்ந்தாள்.

"அது பொய்னு உங்க ஒருத்தர்கிட்டதாங்க சொன்னேன்."