கியர் எதற்கு?

"கழட்டிக் கடாசுப்பா அந்த கியர் பாக்ஸை" என்றார் தசரதன், கைத்தடியால் காரின் அடிவயிற்றைத் தட்டியபடி.

தங்க வயலுக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதமான ஒர்க்‌ஷாப் சூப்பிரண்டெண்ட் அவர். சர்க்கரை வியாதியாம், டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டாராம். அதனால் எங்கே போனாலும் நடைதான், மாலையானால் அந்த நடை ஏகநாதன் வீட்டு வாசலில் வந்து முடியும்.

"காபியில இன்னும் ரெண்டு ஸ்பூன் சக்கரை போடும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஏகநாதனின் மனைவி அம்சவேணி மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தாள்.

ஏகநாதன் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். பெட்ரோல் விலை ஏறிய வருஷம் அது. என்ஜின் செத்துப்போன ஒரு பழைய ஆஸ்டின் காரைக் கிட்டத்தட்ட இரும்பு விலைக்கு வாங்கி, சுரங்கத்தில் கழித்துக்கட்டிய, தண்டவாளத்தில் ஓடும் குட்டி என்ஜினான பேட்டரி லோகோவின் மோட்டாரை ஏலத்தில் எடுத்து அதற்குள் வைத்திருந்தான். விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. "ஞாயிற்றுக்கிழமை கிளப் மேட்டை ஏறிக் காட்டட்டும், காலியாக இருக்கிற ஃபோர்மேன் வேலையை அவனுக்கே கொடுப்போம்" என்று சொல்லிவிட்டார்.

ஃபோர்மேன் குவார்ட்டர்ஸில் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும். பதினோரு வருஷமாகத் தெருக்குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்த அம்சவேணி, குடங்களை யாருக்குத் தானம் செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு முடிவு. மோட்டாரை கியர் பாக்ஸ் வழியாகச் சேர்ப்பதா, அதைக் கழற்றிவிட்டு நேராகப் பின் சக்கரங்களின் ஆக்சிலுக்கே கொடுப்பதா?

ஃபிட்டர் ஹரோல்ட் அன்றைக்குக் காலையில்தான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். "கிளட்ச் வேணாம் மேன், தூக்கிடு. ஆனா கியர் பாக்ஸ் வேணும். அது இல்லாம மோட்டார் மேட்டுல மூச்சு முட்டி நின்னுடும். ரெண்டையும் சேர்க்கறதுக்கு இரும்புத் தட்டு நான் லேத்துல கடைஞ்சு தரேன். ரெண்டு நாள் வேலை."

ஆனால் ஹரோல்ட் வெறும் ஃபிட்டர். இருபது வருஷமாக கியர்களோடு மல்லுக்கட்டியவன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி கிடையாது. தசரதனோ சூப்பிரண்டெண்ட். நாற்காலி பெரிதானால் அறிவும் தானாகப் பெரிதாகிவிடும் என்பதில் ஏகநாதனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"சுரங்கத்துல லோகோ ஓடுதே, டிரைவர் கியரா மாத்திக்கினு கீறான்?" என்று மடக்கினார் தசரதன்.

"இல்லீங்க சார். ஆனா அது சம தரையில ஓடறது. இங்க மேடு..."

"ஃபோர்மேன் சிபாரிசுல கையெழுத்துப் போடப் போறது யாரு? ஹரோல்ட்டா, நானா?"

இப்படிப்பட்ட கேள்விக்கு எந்த எலக்ட்ரிக்கல் புத்தகத்திலும் பதில் இல்லை. ஏகநாதன் ஸ்பேனரை எடுத்தான்.

கழற்றி முடித்ததும் தசரதன் இன்னொரு உபகாரமும் செய்தார். "இது உன் கண்ணு முன்னாடி கெடந்தா திரும்ப மாட்டலாமான்னு மனசு அலையும். என் ஷெட்டுல போட்டு வைக்கறேன்" என்று தள்ளுவண்டியை வரவழைத்து ஏற்றிப் போனார். ஒரு சாதாரணத் தொழிலாளி மேல் இத்தனை அக்கறையா என்று ஏகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சம தரையில் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பாதையின் இருபுறமும் கூட்டம் விசிலடித்தது. ஏகநாதன் ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினான். மேட்டின் உச்சியில் மேனேஜர் பதிலுக்குக் கையாட்டினார்.

அதோடு சரி. மேட்டில் கால்வாசி ஏறியதும் மோட்டார் முனகியது, அப்புறம் புகைந்தது, அப்புறம் நின்றேபோனது. கார் பின்னோக்கி உருளத் தொடங்க, ஹரோல்ட் ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டான். மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளப்புக்குள் போய்விட்டார்.

கூட்டத்தில் நின்ற அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட ஏகநாதனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா மேன்?" என்றான் ஹரோல்ட்.

"பேட்டரி பழசு ஹரோல்ட். சாரு சொன்னது தப்பா ஆவாது" என்றான் ஏகநாதன். விசுவாசம் என்றால் அப்படி ஒரு விசுவாசம்.

அப்போது கீழேயிருந்து ஹாரன் சத்தம். கழுவித் துடைத்த இன்னொரு ஆஸ்டின் கார் அலுங்காமல் மேடேறி வந்து, ஏகநாதனின் கார் வழியை மறித்து நின்றதால் வேறு வழியின்றி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் தசரதன்; பக்கத்தில் அவர் மனைவி பார்வதம்மா.

ஏகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னைக் கயிறு கட்டி இழுக்க, சார் யாரிடமோ காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓடிப்போய் ஜன்னலருகே கை கட்டி நின்றான்.

"எனக்காக இன்னிக்கு நடக்காம வந்துட்டீங்களே சார். உடம்புக்கு ஆவாதே."

தசரதன் வானத்தில் எதையோ அவசரமாகத் தேடினார். பார்வதம்மாதான் வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"இனிமே இன்னாத்துக்குத் தம்பி நடக்கணும்? நீ குடுத்த கியர் பாக்ஸு எங்க வண்டிக்குக் கச்சிதமா சேர்ந்துடுச்சே."