சுவரைப் பார்த்த ஸ்பீக்கர்கள்

"இந்த ஆம்ப்ளிஃபயருக்கு என்ன குறைச்சல்? இந்த ரூமுக்கு இதுவே ஜாஸ்தி," என்றார் சவுண்டுக்காரர், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தபடி.

அவர் கொண்டுவந்த புது ஆம்ப்ளிஃபயர் இன்னும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பழையதைக் கழற்றிப் பார்க்காமல் புதியதை யார் தலையிலும் கட்டமாட்டார் அவர். அதனால்தான் கடை வைத்த இடத்திலேயே நிற்கிறது, ஓர் அங்குலமும் வளரவில்லை என்று அவர் வீட்டில் ஒரு புலம்பல் உண்டு.

வீட்டுக்காரர் நெசவு மில்லில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"முன்ன மாதிரி இல்லீங்க. ஒரு மாசமா எட்டவே மாட்டேங்குது."

என்ன எட்டவில்லை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பேஸ் குறைகிறதா, பாடுபவர் குரல் அமுங்குகிறதா, கரகரப்பு வருகிறதா என்று சவுண்டுக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மாஸ்டர் இல்லை என்றே தலையாட்டினார். சாயங்காலம் ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு உட்காருவாராம். பாட்டு முடிந்துவிடுமாம். இன்னொன்று போடுவாராம். அதுவும் முடிந்துவிடுமாம். மனசு மட்டும் வெறிச்சோடியே கிடக்குமாம்.

"அதுக்கு ஆம்ப்ளிஃபயரை மாத்தி என்ன பண்றது? ஆளு மாறணும்," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளியவர், கோளாறு காதில்தான் என்று சவுண்டுக்காரருக்குப் பட்டது. எடுத்ததும் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒயரைச் சரிபார்க்கும் சாக்கில் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் போய், "செவிடன் காதுல சங்கு ஊதுற கதைதான் போல," என்று தனக்குள் முணுமுணுத்தார்.

"சங்கு நல்லாவே கேக்குது," என்றார் மாஸ்டர், திரும்பாமலே.

நாக்கைக் கடித்துக்கொண்ட சவுண்டுக்காரர் அப்போதுதான் ஸ்பீக்கர்களைக் கவனித்தார். இரண்டும் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றன. சுவருக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு கை நுழைய இடமில்லை. கேட்கிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எந்தப் பாட்டுதான் எட்டும்? விருந்தாளியைக் கூப்பிட்டு யாராவது சுவரைப் பார்த்து உட்கார வைப்பார்களா என்று அலுத்துக்கொண்டே இரண்டையும் அறைப் பக்கம் திருப்பி, பாட்டைப் போட்டார்.

அறை நிறைந்துவிட்டது. புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவ்வளவு நேரம் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் சமையலறையில் நின்றது. மாஸ்டர் மட்டும் இடித்த புளி போல உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை ஸ்பீக்கரில் இல்லை, சுவரில் இருந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் இரண்டையும் பழையபடி சுவர்ப் பக்கமே திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இப்படித்தான் வேணும். நீங்க புதுசை மாட்டுங்க."

சவுண்டுக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டார். பதில் சமையலறையிலிருந்துதான் வந்தது. பேச்சுவார்த்தை இல்லாத வீடு. தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்பதில் பிடித்த சண்டை. அந்த மோட்டார் எரிந்து, பழைய இரும்புக்கும் போய்விட்டது. சண்டை மட்டும் இன்னும் ஓடுகிறது.

"பின் தெருவுல வாசல் வெச்ச வீடா?" என்றார் சவுண்டுக்காரர்.

ஆமாம் என்றதும் அட்டைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். போன மாதம் அந்த வீட்டுச் சுவர் முழுக்கச் சத்தம் புகாத ஃபோம் ஷீட் ஒட்டிக் கொடுத்தது அவர்தான். அந்தப் பக்கத்து அட்டூழியம் தாங்க முடியவில்லை, ராத்திரிச் சாப்பாடுகூட நிம்மதியாக இறங்கவில்லை என்று அந்த வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. இனிமேல் துளிச் சத்தம் வராது, நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

வம்புக்குச் சாமான் விற்பது அவர் பழக்கம் இல்லை. எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"வயசுல பெரியவர் நீங்க. ஒருத்தர் நிம்மதியைக் கெடுக்கவா இம்புட்டு பவர் கேக்குறீங்க? இதை மாட்டினா ஃபோமும் தாங்காது, அந்த மனுஷனும் தாங்கமாட்டாரு. நேரா இங்க வந்து, வாசல்ல நின்னு கத்துவாரு."

மாஸ்டர் எழுந்தேவிட்டார். குழந்தையிடம் மிட்டாயைக் காட்டியதுபோல முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியைப் பிடித்திருந்த சவுண்டுக்காரரின் கையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார்.

"வருவானா? நெசமாவே வருவானா?"

சவுண்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தார். மாஸ்டரின் மனைவி ஈரக் கையோடு அங்கே வந்து நின்றிருந்தார்.

"மாட்டிக் குடுத்துட்டே போங்க. தானா போய்க் கதவைத் தட்ட இவருக்கும் ரோஷம் விடமாட்டேங்குது," என்றார் அவர். "அந்தப் பக்கம் இருக்கிறது என் கொழுந்தன்தாங்க, இவர் தூக்கி வளர்த்த தம்பி. சண்டை வந்த நாள்லேருந்து போன மாசம் வரைக்கும் அவர் இவர்கிட்ட பேசின ஒரே பேச்சு, சுவத்தைத் தட்டி, 'சத்தத்தைக் குறைண்ணே'ங்கிறதுதான்."