கழுத்தை நீட்டிய மைக்

ஜெட் எஞ்சினைச் சோதிக்கும் கொட்டகையில் முப்பது மைக்குகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எதிரே இருந்த திரையில் கொட்டகையின் படம் தெரியும்; எந்த இடத்தில் சத்தம் அதிகம் கிளம்புகிறதோ, படத்தில் அந்த இடத்தின் மேல் சிவப்புப் புள்ளி விழும். பதினேழாம் மைக்குக்கு மட்டும், தான் ஒரு பெரிய துப்பறிவாளன் என்று நினைப்பு.

எஞ்சின் ஓடியதும் கொட்டகையே அதிர்ந்தது. "ஏன்டா இப்படிக் கத்துற?" என்று பதினேழு எஞ்சினை அதட்டியது.

"நானா? காத்தை வெளியே அனுப்பினதோட என் வேலை சரி. அங்கே போய்க் கேளு."

பத்தடி தள்ளிச் சீறிக்கொண்டு ஓடிய சூடான காற்று சொன்னது: "நான் பாட்டுக்குப் போறேன். இந்தச் சோம்பேறிதான் வழியில நின்னு உரசுறான்!"

"நான் பாட்டுக்கு நிக்கிறேன். இவன்தான் இடிச்சுட்டுப் போறான்!" என்றது சும்மா நின்ற காற்று.

"ரெண்டு பேரும் புளுகுறீங்க. கிட்ட வந்து பாக்குறேன்."

"அண்ணே, வேண்டாம்! ஓடுற காத்துக்குள்ள நாம தலையை நீட்டக் கூடாது," என்று பதினெட்டாம் மைக் கெஞ்சியது.

பதினேழு கேட்குமா? தண்டை வளைத்து, இரண்டு காற்றும் உரசும் இடத்தில் தலையை நுழைத்தது. காதுக்குப் பக்கத்திலேயே வீலென்று புதிதாக ஒரு விசில்.

"மூணாவதா ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்! எல்லாரும் குறி வையுங்க!"

இருபத்தொன்பது மைக்குகளும் குறி வைத்தன. திரையில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று பதினேழின் மண்டையில் விழுந்தது.

அதுவரை அடித்துக்கொண்ட இரண்டு காற்றும் ஒரே குரலில் சொன்னன: "அப்பவே சொன்னோமே, நாங்க இல்லைன்னு!"