தட்டில் ஒரே கட்டு

"அதே கட்டுதானா ஐயா?"

"வேற எதுக்கு இங்க வரப் போறேன்?" என்றார் பெரியவர்.

நீதிமன்றப் பதிவறையின் எழுத்தர் பெண் அவர் நீட்டிய மனுவை வாங்கிக்கொண்டு கடைசி அலமாரிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"அதுக்குள்ள எடுத்துட்டியா?"

"தேடவே வேண்டாம் ஐயா. அந்த வருஷத்துத் தட்டுல இது ஒண்ணுதானே இருக்கு."

பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னலோர மேசைக்குப் போய், முதுகு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்தார். கட்டின் நாடாவை அவர் என்றைக்கும் அவிழ்த்ததில்லை. மேலட்டையில் ஒட்டியிருந்த சீட்டை மட்டும் பார்த்தார். கட்டைக் கேட்டு வாங்கியவர்கள் அதில் கையெழுத்துப் போடவேண்டும். மேலிருந்து கீழ்வரை அவர் கையெழுத்தைத் தவிர வேறு இல்லை. நிம்மதியாக இருந்தது.

உள்ளே இருந்தது அவருடைய அப்பாவின் வழக்கு. பக்கத்து நிலத்து எல்லைக் கல்லை இரவோடு இரவாகப் பிடுங்கி, தள்ளி நட்டதற்கு ஆறு மாதச் சிறை. அந்த ஆறு மாதமும் வெளியூரில் தங்கி வைத்தியம் செய்துகொண்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். உண்மை தெரிந்த மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காகிதம் மட்டும் போகவில்லை. அரசாங்கப் பதிவு, யார் கேட்டாலும் கொடுப்பார்கள். அதனால்தான் அப்பா இறந்ததிலிருந்து வருடம் தவறாமல் வந்து, வேறு யாரும் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவார்.

கட்டிடத்தின் பின்னால் எதையோ எரித்துக்கொண்டிருந்தார்கள். புகை உள்ளே வர, ஜன்னலைச் சாத்தினார். கட்டைத் திருப்பிக் கொடுக்க எழப்போன நேரத்தில் ஒரு நடுத்தர வயது அம்மாள் குடையை மடக்கியபடி நுழைந்தாள்.

"ஏம்மா, ஒரு வீட்டுப் பேரைச் சொன்னா, அவங்க மேல பழைய வழக்கு ஏதும் இருக்கான்னு பாக்க முடியுமா?"

"யார் வேணும்னாலும் பாக்கலாம். எந்த வீடு?"

அந்த அம்மாள் சொன்னது பெரியவரின் வீட்டை.

"எங்க அண்ணன் பையனுக்கு அங்கதான் பொண்ணு எடுக்கறோம். வெள்ளிக்கிழமை நிச்சயம். மானம் மரியாதையான குடும்பம்னு கேட்டவங்க எல்லாம் சொல்றாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் எனக்கு இடிக்கும்."

பெரியவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பேத்திக்குப் பார்த்த பையனுக்கு ஓர் அத்தை உண்டு, எதையும் கிளறிப் பார்க்காமல் விடமாட்டாள் என்று மருமகள் சொல்லியிருந்தாள். அவரும் அந்த அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அது ஒன்றுதான் இப்போது வசதி.

எழுத்தர் பெண் அட்டவணையில் விரலை ஓட்டினாள். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா, அதோ, அந்த ஐயா கையில இருக்கு. அவர் முடிச்சதும் தரேன். ஒரு கட்டு ஒரு ஆளுக்குத்தான். விதி."

அத்தை எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க வக்கீலா?"

"இல்ல."

"இந்த வீட்டுக்காரங்களைத் தெரியுமோ?"

"நல்ல குடும்பம்."

"பாருங்க, நீங்களும் அதையே சொல்றீங்க." மேசையை எட்டிப் பார்த்தாள். "கட்டையே பிரிக்கலையே?"

"கண்ணாடி இல்லாமப் பிரிச்சு என்ன செய்ய?"

"மூக்கு மேல இருக்கறது என்னவாம்?"

"இது தூரத்துல பாக்க."

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். ஒரு துண்டை அவர் பக்கம் நீட்டினாள். அவர் தலையசைத்து மறுத்தார். சாப்பாட்டு நேரம் போயிற்று. எழுந்தால் கட்டு கை மாறிவிடும் என்று தண்ணீர் குடிக்கக்கூட அவர் எழவில்லை. கட்டின் மேல் வைத்த கை மரத்துப்போனது.

எழுத்தர் பெண் மின்விசிறியை நிறுத்தியதும் அத்தை குடையை எடுத்தாள்.

"கடைசி பஸ்ஸு போயிடும். காலையில வரேன். ஐயா, நாளைக்காவது முடிச்சிடுவீங்களா?"

"பொடி எழுத்து. மெதுவாத்தான் படிக்கணும்."

"பிரிச்சாத்தானே படிக்க?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை பெரியவர் காத்திருந்தார். பிறகு கட்டைக் கொண்டுபோய் எழுத்தர் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"நாளைக்குக் கதவு தெறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல இருப்பேன். நாளன்னிக்கும் வருவேன்."

"வாங்க ஐயா. மொதல்ல யார் கேக்கறாங்களோ அவங்களுக்குத்தான்."

பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்: "பின்னால என்னம்மா அது, காலையிலேர்ந்து புகை?"

"பழைய கட்டுங்க ஐயா. பத்து வருஷமா யாருமே கேக்காத கட்டை வெச்சிருக்கக்கூடாது, எரிச்சிடணும். அதுவும் ஒரு விதி."

கடைசி அலமாரியின் காலித் தட்டில் அந்த ஒற்றைக் கட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். பெரியவர் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

"இதுகூட இருந்ததெல்லாம் எப்பவோ சாம்பலாயிடுச்சு. இது ஒண்ணு மட்டும் அழிஞ்சிடக்கூடாதுன்னுதானே ஐயா, நீங்க வருஷம் தவறாம வந்து கேக்கறீங்க?"