பத்துக்குப் பத்து எரிமலை

எரிமலை மேசை மேல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதைவிட அதிகமாகக் குமுறிக்கொண்டிருந்தார் அரிகிருஷ்ணன் சார்.

"இந்த மிஸ்ஸை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க சார்! வாத்தியார் வேலைக்கு வந்துட்டு வியாபாரமா பண்றாங்க?"

உப்பளத்துத் தனியார் பள்ளியின் தலைமையாசிரியர் விஜயராகவன் உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். சுவரோரம் நின்ற தற்காலிக ஆசிரியை தீபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

ஏழாம் வகுப்புப் பையன் கொண்டுவந்த அறிவியல் ப்ராஜெக்ட் அந்த எரிமலை. அட்டெண்டர் கை தவறிப் போட்டதில் அடி அட்டை பிய்ந்து, உள்ளே ஒரு ஸ்டிக்கர் பல்லிளித்தது: 'ப்ராஜெக்ட் செய்து தரப்படும்.' கீழே யாருக்கும் பழக்கமில்லாத ஒரு போன் நம்பர்.

"நேரு வீதியில கை நிறைய தெர்மாகோல் ஷீட்டோட இவங்கள நானே பார்த்தேன் சார்!"

"அது என் கிளாஸ் போர்டு டெக்கரேஷனுக்கு சார்..."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்றதுதான்!" மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையின் காலர் மடிப்பிலிருந்து ஒரு தெர்மாகோல் மணியை எடுத்துச் சுண்டி எறிந்தார். சனியன், இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

சைடு பிசினஸ் என்றாலே அவருக்குக் குமட்டும். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் இன்ஷூரன்ஸுக்கு ஆள் பிடித்தார், ஒருத்தி யூடியூபில் கணக்குப் பாடம் நடத்தினாள். இரண்டு பேருக்கும் சந்தைக்கடை என்று பெயர் வைத்திருந்தார். வீட்டிலும் அதே சட்டம்தான். கொரோனாவில் பள்ளி மூடி டீச்சர் வேலை போன மனைவி சுலோசனா, 'சின்னதா ஏதாவது ஆரம்பிக்கட்டுமா?' என்று கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். 'சாக்பீஸ் புடிச்ச கைக்கு வேற என்னடி தெரியும்? சும்மா கிட!'

"அதெல்லாம் சரி," என்றார் விஜயராகவன். "இதுக்குப் பத்துக்குப் பத்து போட்டது யாரு?"

"நான்தான் சார். பையனே செஞ்ச மாதிரி இருந்துச்சு. வேணும்னே ஒரு பக்கம் கோணலா ஒட்டி, பெயின்ட்ட வழிய விட்டிருக்காங்க. நாம எதப் பார்த்து மார்க் போடுவோம்னு தெரிஞ்ச ஒரு டீச்சராலதான் இப்படிச் செய்ய முடியும். அதான் அடிச்சுச் சொல்றேன், இவங்கதான்!"

"கேட்டுட்டாப் போச்சு." தலைமையாசிரியர் ஸ்டிக்கரிலிருந்த நம்பரை லேண்ட்லைனில் அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார்.

மணி போனது. தீபலட்சுமியின் கையிலிருந்த செல்போன் மூச்சுவிடவில்லை.

"வணக்கம் சார், என்ன மாடல் வேணும்?"

காலையில் டிபன் பாக்ஸோடு அவர் பின்னாலேயே வீட்டு வாசல் வரை ஓடி வந்த குரல். அரிகிருஷ்ணன் சாரின் கை தானாகக் காலருக்குப் போனது.

"ஏழாங்கிளாஸுக்கு ஒரு எரிமலை வேணும்மா," என்றார் விஜயராகவன். "உப்பளம் ஸ்கூல். ஆனா அங்க சயின்ஸ் சார் ரொம்பக் கறாராமே?"

"யாரு, அரிகிருஷ்ணன் சாரா?" ஸ்பீக்கர் கலகலவென்று சிரித்தது.

"பயப்படாதீங்க சார், அந்த ஆளு வீட்டுக்குள்ளயே உக்காந்து செஞ்சாலும் கண்டுபிடிக்க மாட்டாரு!"